வாரம் இருபத்து நாலு மணி நேரம்

சுமித்ராவின் செல்போன் அடித்தபோது அவள் வாயில் டூத் பிரஷ் இருந்தது.

செம்மேடு ஸ்டேஷன் ஏட்டு ராசு. காலை ஏழு மணிக்கு முன்னால் அவர் போன் செய்தால் இரண்டே காரணம்தான். ஒன்று, கொண்டை ஊசி வளைவில் லாரி கவிழ்ந்திருக்கும். இல்லையென்றால்...

"மேடம், வியூ பாயிண்ட்டுக்குக் கீழே ஒரு பையன் கெடக்கறானுங்க."

"உசுரு?"

"இல்லீங்க."

"டூரிஸ்ட்டா?"

"நம்மூர்ப் பையன்தானுங்க. காளியண்ணன் மகன் சதீஷ்குமார். கனடாவுல படிக்கிறானில்ல, அவன். லீவுக்கு வந்தவன்."

சுமித்ரா நுரையைத் துப்பினாள். சப் இன்ஸ்பெக்டராகி ஆறு வருடம். கொல்லிமலைக்கு வந்து எட்டு மாதம். இந்த எட்டு மாதத்தில் அவள் பார்க்கப் போகும் நான்காவது பிணம் இது.

பதினைந்தாவது நிமிடம் ஜீப் வியூ பாயிண்ட்டில் நின்றது.

பனி இன்னும் விலகவில்லை. அதற்குள் ஐம்பது பேர் கூடியிருந்தார்கள். நாற்பது பேர் கையில் செல்போன். கயிறு கட்டி நாலு பேர் உடலை மேலே இழுத்துக்கொண்டிருக்க, ஒருவன் பின்னால் மலை தெரியும்படி நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தான்.

"ராசண்ணே, அந்த செல்ஃபி ஆளை மொத சாட்சியா எழுதிக்கங்க. கோர்ட்டுக்கு இருபது தடவை அலையட்டும்."

செல்ஃபி ஆள் கூட்டத்தில் கரைந்து காணாமல் போனான்.

பாறை விளிம்பில் ஒரு ஜோடி ஷூ. சுத்தமாக, சேர்த்து வைக்கப்பட்டிருந்தது. அதன் மேல் ஒரு செல்போன்.

அந்த போனிலிருந்து காலை ஆறு பன்னிரண்டுக்கு சதீஷ்குமாரின் அக்காவுக்கு ஒரு மெசேஜ் போயிருந்தது. ராசு அதைத் தன் நோட்டில் எழுதி வைத்திருந்தார். வாசித்தார்.

'அக்கா, என்னை மன்னிச்சிடு. லீவுல வாரம் 24 மணி நேரத்துக்கு மேல வேலை பார்த்துட்டேன். ரூலை மீறிட்டேன்னு கண்டுபிடிச்சிட்டாங்க. திருப்பி அனுப்பப் போறாங்க. ஊர்ல தலை நிமிர்ந்து நடக்க முடியாது. போறேன்.'

"இதுக்கா?" என்றாள் சுமித்ரா.

"வெளிநாட்டுல ரொம்ப ஸ்ட்ரிக்ட்டுங்க மேடம்."

"நீங்க எப்போ போனீங்க?"

"நான் ஏற்காட்டைத் தாண்டுனதில்லீங்க."

இன்ஸ்பெக்டர் போனில் வந்தார். அவருடைய சர்வீஸில் துப்புத் துலக்கிய கொலைகள் மொத்தம் மூன்று. அதில் இரண்டில் கொலைகாரனே அரிவாளோடு ஸ்டேஷனுக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான்.

"என்னம்மா, சூசைடுதானே? மெசேஜே இருக்காமே. சாயங்காலத்துக்குள்ள பேப்பரை முடிச்சிரு. நாலு நாள்ல ஓரி விழா. மந்திரி வராரு. கனடாவுல எவனோ ஓவர்டைம் பார்த்தான்னு நான் இங்க ஓவர்டைம் பார்க்க முடியாது."

தன் ஜோக்குக்குத் தானே சிரித்துவிட்டு வைத்தார்.

சுமித்ரா சிரிக்கவில்லை. உடல் மேலே வந்திருந்தது. இருபத்து மூன்று வயசு. கால்களில் புது சாக்ஸ். சாகப் போகிறவன் ஷூவைக் கழற்றி வைப்பான், சரி. ஆனால் ஷூவைக் கழற்றியவன் அந்த ஈரப் பாறையில் நாலு எட்டாவது நடந்திருக்க வேண்டும். சாக்ஸின் அடிப்பாகம் வெள்ளை வெளேரென்று இருந்தது!

---

சோளக்காடு ஊரிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே காளியண்ணனின் வீடு. பத்து ஏக்கர் மிளகுத் தோட்டத்துக்கு நடுவில் புதிதாய் வெள்ளையடித்து நின்றது. மகள் சண்முகப்பிரியாவுக்கு ஆவணி முதல் முகூர்த்தத்தில் கல்யாணம். பந்தலுக்கு வெட்டி வைத்த மூங்கில் ஓரமாய்க் கிடந்தது. அதன் மேல் காளியண்ணன் உட்கார்ந்திருந்தார்.

"ஏனுங்க மேடம்... ஊட்டுக்கு வந்து பத்து நாள்தானுங்க ஆச்சு. நேத்துக்கூட ரெண்டு தட்டு களி தின்னானுங்க. சாகப் போறவன் ரெண்டாந்தடவை வாங்கித் திம்பானுங்களா?"

சுமித்ரா அவர் தோளைத் தொட்டுவிட்டு உள்ளே போனாள்.

கூடத்துச் சுவரில் ஒரு பெரிய கலர் போட்டோ. முழங்கால் ஆழப் பனியில் தடித்த சிவப்பு ஜாக்கெட்டோடு ஒருவன் இரண்டு கையையும் விரித்து நின்றான். அதே ஆள் போட்டோவுக்கு நேர் கீழே உயிரோடு நின்று, நாற்காலிக்காரனைப் போனில் விரட்டிக்கொண்டிருந்தான்.

"பிப்டி சேர்ஸ். இம்மீடியட்லி. ஐ வில் நாட் ரிப்பீட்."

யுவராஜ். மாப்பிள்ளை. சேந்தமங்கலத்தில் வீடு. இரண்டு வருடம் கனடாவில் படித்துவிட்டு வந்தவன். கொல்லிமலையில் அவனுக்குப் பெயரே கனடா மாப்பிள்ளைதான். துக்க வீட்டில் கூலிங் கிளாஸ் போட்டிருந்தான்.

"வெரி சேட், மேடம். ஒன்பது மணிக்கு நியூஸ் கிடைச்சுது. அடிச்சுப் புடிச்சு மேல வந்தேன். அங்க இருக்கற பிரஷர் இங்க யாருக்கும் புரியாது. ரூல்னா ரூல். நம்மூரு மாதிரி இல்லை."

"கண்ணாடியைக் கழட்டிட்டுப் பேசுங்க. இருட்டு ரூம்ல இடிச்சுக்கப் போறீங்க."

கழற்றினான்.

சண்முகப்பிரியா உள்ளறையில் இருந்தாள். அழுது முடித்திருந்தாள். தம்பியின் பையை மடியில் வைத்துக்கொண்டு, அதிலிருந்த காகிதங்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"மேடம், அவன் பயந்தாங்கொள்ளி. பஸ்ல டிக்கெட் தொலைஞ்சா இறங்கற வரைக்கும் வேர்த்துக் கொட்டும். அவன் போய் ரூலை மீறுவானா?"

"இது என்ன கண்ணு?"

"சம்பளச் சீட்டுங்க. ஒரு குடோன்ல வேலை. மே மாசம், ஜூன் மாசம் எல்லாமே வாரம் நாப்பத்து நாலு மணி நேரம்னு போட்டிருக்கு." அவள் குரல் உடைந்தது. "அப்படின்னா மெசேஜ்ல இருக்கறது நெசந்தானுங்களா?"

சுமித்ரா சீட்டைப் புரட்டினாள். நாற்பத்து நாலு. நாற்பத்து நாலு. ஒளிவு மறைவில்லாமல் அச்சடித்திருந்தது. திருட்டு வேலை செய்கிறவன் அதற்குக் கணக்குச் சீட்டு வாங்கிப் பத்திரமாய் விமானத்தில் தூக்கிக்கொண்டா வருவான்?

"இந்தச் சீட்டை வேற யாராவது பார்த்தாங்களா?"

"எல்லாருந்தானுங்க. முந்தா நாள் சாப்பிடறப்போ அவனே பெருமையா எடுத்துக் காட்டினான்."

"தம்பியை அனுப்பி வெச்சது யாரு?"

"சேந்தமங்கலம் இளங்கோங்க. ஏஜென்ட்டு."

---

எழுபது வளைவுகள் இறங்கினால் சேந்தமங்கலம். வழி நெடுக ராசுவிடம் இளங்கோவைத்தான் திட்டிக்கொண்டு வந்தாள் சுமித்ரா. மரவள்ளி போட்டுக்கொண்டிருந்தவனின் பிள்ளையை மயக்கி, கோட்டு மாட்டி, தெரியாத தேசத்தில் தள்ளிவிடுகிற கும்பல்.

ஆபீஸ் ஒரு உரக்கடைக்கு மாடியில் இருந்தது. சுவரெல்லாம் வெளிநாட்டுக் கொடிகள். ஆடி மாதத்து வெயிலில் இளங்கோ கறுப்புக் கோட்டோடு உட்கார்ந்திருந்தான். கழுத்தில் வியர்வை வழிந்தது.

"பையன் செத்தது தெரியுமா?"

"தெரியும் மேடம். சத்தியமா எனக்கும் அதுக்கும்..."

"கேட்டாத்தான் பதில். கேக்கறதுக்கு முந்தி சத்தியம் பண்ற பழக்கத்தை வெளம்பரத்தோட நிறுத்திக்கங்க."

மெசேஜைக் காட்டினாள். இளங்கோ படித்தான். புருவம் சுருங்கியது. மறுபடி படித்தான்.

"இது தப்பு மேடம்."

"எது தப்பு?"

"ரூலு. காலேஜ் நடக்கறப்போதான் வாரம் இருபத்து நாலு மணி நேரம். லீவுல அந்தக் கணக்கே கிடையாது."

சுமித்ரா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"தெளிவாச் சொல்லுங்க."

"காலேஜே விடற லீவு இருக்கில்ல மேடம், சம்மர், கிறிஸ்மஸ்... அப்போ எத்தனை மணி நேரம் வேணாலும் வேலை பார்க்கலாம். லீவுக்கு முந்தியும் முழுநேரமா படிச்சிருக்கணும், லீவு முடிஞ்சதும் முழுநேரமா படிக்கணும். அவ்வளவுதான். பையனா கட் அடிச்சுக்கிட்டு இது லீவுன்னு சொன்னாத்தான் வம்பு. சதீஷ் செப்டம்பருக்குச் சேர்ந்த லெட்டர்கூட வெச்சிருக்கான். நாப்பத்து நாலு என்ன, அறுபது மணி நேரம் பார்த்தாலும் ஒருத்தன் கேக்க முடியாது."

"பையனுக்கு இது தெரியுமா?"

"தெரியுமாவா? போறதுக்கு முந்தி இதே கேள்வியை என்கிட்ட அஞ்சு தடவை கேட்டான். அங்க போய் இறங்குன பின்னாடி காலேஜ்ல கேட்டு எழுதி வாங்கினான். அங்க படிக்கிற எந்தப் பையனைத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவான் மேடம். லீவுலதானே கொஞ்சம் மூச்சு விட முடியும்."

கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பினான். கனடா அரசாங்கத்தின் பக்கம். சுமித்ரா ஒவ்வொரு வரியாகப் படித்தாள். அவன் சொன்னதேதான் இருந்தது.

ராசு மெல்லக் கேட்டார். "அப்படின்னா மேடம்... மீறாத ரூலை மீறிட்டேன்னு எதுக்குச் சாகணும்?"

"அவன் சாகலைண்ணே. சாகடிச்சிருக்காங்க. இந்த மெசேஜை எழுதுனவனுக்கு இருபத்து நாலுங்கற நம்பர் மட்டும் தெரியும். மீதி தெரியாது."

அவள் பார்வை இளங்கோ மேல் நின்றது. அவனுக்குப் புரிந்துவிட்டது.

"மேடம், காலையில நான் திருச்சி ஏர்போர்ட். மூணு பசங்களை ஏத்தி விட்டேன். போட்டோ இருக்கு, டிரைவர் இருக்கான். அதையெல்லாம் விடுங்க... நான் ஆயிரம் பொய் சொல்லுவேன். வாசல் போர்டுல எழுதிப் போட்டிருக்கறதே பாதி பொய்தான். ஆனா இந்த ரூலைத் தப்பா எழுதுவேனா? இதை வித்துத்தானே மேடம் நான் சாப்பிடறேன்?"

வாழ்க்கையில் முதல் தடவையாக இளங்கோ ஒரு உண்மையைச் சொன்னதுபோல் இருந்தது. ஆனாலும் கோட்டைப் பார்த்தால் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. அடிவாரச் செக்போஸ்ட்டுக்கு ஜீப்பை விடச் சொன்னாள்.

காவலாளி கேமரா பதிவை ஓட்டினான். இளங்கோவின் கார் மலை ஏறவே இல்லை. காலை நாலரையிலிருந்து ஐந்தரை வரை மேலே போனவை மூன்றே வண்டிகள். ஒரு பால் வேன். காய்கறி ஏற்றப் போன ஒரு காலி லாரி. ஒரு கறுப்பு பைக். நாலு ஐம்பத்தைந்துக்கு ஏறிய பைக், ஏழு ஐந்துக்கு இறங்கியது. ஓட்டியவன் தலையில் ஹெல்மெட்.

"திருப்பூர் நம்பருங்க மேடம்."

"போட்டோ எடுத்துக்கங்க."

இன்ஸ்பெக்டர் மறுபடி அழைத்தார். "முடிஞ்சுதாம்மா?"

"ஆரம்பிச்சிருக்கு சார்."

"எதும்மா?"

அவள் வைத்துவிட்டாள்.

---

சாயங்காலம் நாலு மணி. பிரேதப் பரிசோதனை முடிந்து உடல் வீட்டுக்கு வந்துவிட்டது. பெண்களின் ஒப்பாரி ரோடு வரை கேட்டது.

ஜீப்பிலிருந்து இறங்கிய சுமித்ரா பலா மரத்தடியில் நிறுத்தியிருந்த வண்டிகளைப் பார்த்தாள். ஒரு வண்டியின் பின்னால் போய்க் குனிந்தாள். நிமிர்ந்தாள். ராசுவின் காதில் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனாள்.

யுவராஜ் இரண்டு பெரியவர்களுக்கு நடுவே உட்கார்ந்து கனடாவில் சவ அடக்கம் எப்படி நடக்கும் என்று விளக்கிக்கொண்டிருந்தான். அங்கே எல்லாமே சுத்தம். எல்லாமே டயத்துக்கு நடக்கும்.

சுமித்ரா எதிரில் உட்கார்ந்தாள். சண்முகப்பிரியா கதவோரம் வந்து நின்றாள்.

"மாப்பிள்ளை, ரிப்போர்ட் எழுதணும். எனக்கு இந்தக் கனடா விவகாரம் ஒண்ணும் புரியலை. நீங்க இருந்தவரு. இந்த லீவு, வேலை நேரம், இதெல்லாம் கொஞ்சம் சொல்லிக் குடுங்க."

அவன் முகம் மலர்ந்தது. காலை எடுத்துக் காலின் மேல் போட்டான்.

"சிம்பிள் மேடம். ஸ்டூடண்ட்டுக்கு வாரம் இருபத்து நாலு மணி நேரம்தான் வேலை."

"லீவுலயும் அப்படியா?"

"லீவாவது ஒண்ணாவது. அங்க லீவுன்னாலும் அதே இருபத்து நாலுதான். ஒரு நிமிஷம் தாண்டினா நேரா ஏர்போர்ட்டுதான். பாவம் சதீஷ், ஆசைப்பட்டு நாப்பத்து நாலு பண்ணிட்டான்."

"நீங்க எந்த வருஷம் இருந்தீங்க?"

"ரெண்டாயிரத்துப் பத்தொம்போதுல போனேன். இருபத்தொண்ணுல ரிட்டர்ன்."

"அப்போ நீங்களும் லீவுல வாரம் இருபத்து நாலு?"

"எக்ஸாக்ட்லி. ரெண்டு வருஷமும் ஒரு நிமிஷம்கூட தாண்டலை."

சுமித்ரா அவனைப் பார்த்து லேசாய்ச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் யுவராஜின் கால் தானாகக் கீழே இறங்கியது.

"ஏ... ஏன் மேடம் சிரிக்கிறீங்க?"

"பலா மரத்தடியில திருப்பூர் வண்டி நிக்குதே, உங்களுதா?"

"பிரண்டோடது."

"காலைல எப்போ மலை ஏறுனீங்க?"

"ஒம்பது மணிக்கு மேலதான். சொன்னேனே."

செல்போனை நீட்டினாள். கேமராப் படம். வண்டி நம்பர் தெளிவாய்த் தெரிந்தது. மூலையில் நேரம், நாலு ஐம்பத்தைந்து.

"இந்த வண்டி தானா ஏறி, ஒரு வேலையை முடிச்சிட்டு, தானா இறங்கியிருக்கு. அப்புறம் ஒம்பது மணிக்கு உங்களைக் கூட்டிக்கிட்டு மறுபடி வந்திருக்கு. நல்ல வண்டி. உங்க பாஸ்போர்ட் எங்க?"

"சென்னையில... விசாவுக்கு..."

"எந்த விசாவுக்கு?"

யுவராஜ் வாசல் பக்கம் பார்த்தான். வாசலில் ராசு நின்றார். அவர் விரலில் பைக் சாவி சுழன்றுகொண்டிருந்தது.

கூடத்தில் ஒப்பாரி நின்றுபோயிருந்தது. சண்முகப்பிரியா நடந்து போய் சுவரிலிருந்த பனி போட்டோவைக் கழற்றினாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். சிவப்பு ஜாக்கெட்டின் கையில் ஒரு சின்ன வெள்ளைத் துணியும் அதில் ஒரு நம்பரும் தைத்திருந்தது.

"அறுபத்தொண்ணு," என்றாள். "வாடகை ஜாக்கெட்டு. கோயமுத்தூர் மால்ல பனி கொட்டற ரூம் இருக்கு. காலேஜ் டூர்ல நாங்களும் இதே ஜாக்கெட்டைத்தான் வாங்கிப் போட்டோம். ஒரு வருஷமா தெனம் இந்த போட்டோவைப் பார்க்கறேன்... ஒரு நாள்கூட ஒழுங்கா பார்க்கலை."

போட்டோவை அவன் காலடியில் போட்டாள். கண்ணாடி உடைந்தது. அவளுடைய அப்பா எழுந்து வந்தார். அடிக்கப் போகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். காளியண்ணன் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"வெளியில போ சாமி. எம் பையன் உள்ள படுத்திருக்கான்."

அடி வாங்கியிருந்தால்கூட யுவராஜ் அப்படிக் கூனிப் போயிருக்க மாட்டான்.

---

ராசு ஓட்ட, ஜீப் மலை இறங்கிக்கொண்டிருந்தது. பின் சீட்டில் விலங்கோடு யுவராஜ். பன்னிரண்டாவது வளைவில் அவனாகவே பேச ஆரம்பித்தான்.

விசாவுக்கு இரண்டு தடவை போட்டான். இரண்டு தடவையும் கிடைக்கவில்லை. ஊரெல்லாம் கனடா போகிறேன் என்று சொல்லியாகிவிட்டது. வழியனுப்பு விழாகூட நடந்துவிட்டது. மாலையோடு பஸ் ஏறியவன் திருப்பூரில் இறங்கினான். இரண்டு வருடம் பனியன் கம்பெனியில் பீஸ் அடுக்கினான்.

"அதையே சொல்லியிருந்தா என்ன கெட்டுப் போயிருக்கும்?" என்றார் ராசு. "எம் பையன்கூட பனியன் கம்பெனிதான். பொண்ணு குடுத்தாங்க."

"கனடான்னாத்தாங்க மதிச்சாங்க... பத்து ஏக்கர் தோட்டத்துக்காரர் என்னைத் தேடி வந்தாரு."

"காலைல என்ன நடந்துச்சு?" என்றாள் சுமித்ரா.

"வரச் சொன்னான். 'மச்சான், நீங்க கனடா போகவே இல்லைன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நீங்களே அக்காகிட்ட சொல்லிடுங்க, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்'னான். என் போன்ல சிக்னல் இல்லை, உன் போனைக் குடு, இப்பவே சொல்லிடறேன்னேன். லாக்கை எடுத்துக் குடுத்தான். ஷூவுல கல்லு மாட்டியிருக்குன்னு பாறை மேல உக்காந்து ரெண்டையும் கழட்டி உதறினான். அப்போதான்..."

முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இல்லை. காலைத் தரையில் வைக்கும் முன்பே தள்ளிவிட்டு, ஷூவைச் சேர்த்து வைத்திருக்கிறான். சாக்ஸ் ஏன் வெளுப்பாக இருந்தது என்று அவளுக்குப் புரிந்தது. பயந்தாங்கொள்ளிப் பையன். அந்த மரியாதைகெட்டவனின் மானம் கப்பலேறாமல் இருக்கத் தனியாகக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறான். அவள் வெளியே பார்த்துக்கொண்டாள்.

"நீ போகலைன்னு அவனுக்கு எப்படித் தெரிஞ்சுதாம்?"

யுவராஜ் தலையைத் தூக்கினான்.

"அதுதாங்க மேடம் தெரியலை. முந்தா நாள் சாப்பிடறப்போ நீங்க கேட்ட இதே கேள்வியைத்தான் கேட்டான். 'மச்சான், லீவுல நீங்க எத்தனை மணி நேரம் வேலை பார்த்தீங்க'ன்னு. உங்ககிட்ட சொன்ன இதே பதிலைத்தான் சொன்னேன். அவனும் உங்களை மாதிரியே சிரிச்சான். எதுக்குச் சிரிச்சான்னு ராத்திரியெல்லாம் யோசிச்சேன். புரியவே இல்லைங்க."

ராசு ஜீப்பை ஓரம் கட்டிவிட்டு முழுதாய்த் திரும்பிப் பார்த்தார். எந்தப் பொய்யில் மாட்டினானோ, அதே பொய்யை எழுதித்தான் பிணத்தின் பேரில் அனுப்பியிருக்கிறான்!

"மேடம்," என்றான் யுவராஜ், மெதுவாக. "நான் அப்படி என்ன தப்பாச் சொல்லிட்டேன்?"

சுமித்ரா அவனை ஒரு புழுவைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"நீ இருந்ததா சொன்ன வருஷத்துல காலேஜ் நாள்லயே இருபது மணி நேரம்தான். இருபத்து நாலுங்கறதே நேத்து வந்த ரூலு. லீவுல எந்தக் கணக்கும் இல்லை. நாள் பூரா வேலை பார்க்கலாம்." அவள் ராசுவை வண்டியை எடுக்கச் சொல்லிக் கை காட்டினாள். "ஆனா நீ இப்போ போற காலேஜ்ல தினம் எட்டு மணி நேரம்தான். செமஸ்டர் லீவு மட்டும் விட மாட்டாங்க."